கையடக்கக் கணினி வேறு, ஸ்மார்ட்போன் வேறு

"கையடக்கக் கணினியில் சிம் கார்டு போட்டால் அது ஸ்மார்ட்போன், அவ்வளவுதானே?" பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சரியில்லை.

பெயர் வைத்தவர்களே இதில் குழம்பினார்கள். 2003-ல் வந்த விண்டோஸ் மொபைலில் தொடுதிரை இருந்தால் 'பாக்கெட் பிசி', வெறும் பொத்தான்கள் என்றால் 'ஸ்மார்ட்போன்'. தொடுதிரையோடு பேசும் வசதியும் இருந்தால் 'பாக்கெட் பிசி போன் எடிஷன்'! அந்தக் கணக்குப்படி இன்று எல்லோர் கையிலும் இருப்பது ஸ்மார்ட்போனே அல்ல.

உண்மையான வித்தியாசம், கருவி யாருடைய பேச்சைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது.

1996-ல் வந்த பாம் பைலட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அளவு சரியாக இருக்குமா என்று பார்க்க ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தவர். (பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!) முகவரி, நாட்காட்டி, குறிப்பு போன்ற எளிய வசதிகள்தான் அதில். இரண்டு சின்ன பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும். மேசையில் உள்ள தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கணிப்பொறியில் பிரதியாகிவிடும். கையில் இருப்பதும் மேசையில் இருப்பதும் ஒரே ஆளுடையவை. மென்பொருளை யாரிடம் வாங்கினாலும் கேபிள் வழியே ஏற்றலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஸ்மார்ட்போனின் எஜமான் வெகுதூரத்தில் இருக்கிறார். 2008-ல் ஆப் ஸ்டோர் திறந்தபின் ஆப்பிள், நெடுங்காலம் பொதுமக்களுக்கு வேறு கடை எதையும் விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட, சட்டம் வந்து கட்டாயப்படுத்திய பிறகு 2024-ல்தான் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து ஏற்றலாம், எச்சரிக்கைகளைத் தாண்டி.

அதற்காக பழையது எல்லாம் பொன் அல்ல. பாக்கெட் பிசியில் பேட்டரி முழுதாக இறங்கினால் உள்ளே இருந்த அனைத்தும் அழிந்துவிடும். 2005-ல் விண்டோஸ் மொபைல் 5.0 வந்துதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. ஸ்மார்ட்போன் பஸ்ஸில் தொலைந்தாலும் கணக்கு இருந்தால் எண்கள் திரும்ப வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கையே நிறுவனம் முடக்கிவிட்டால்? போன் கையில் இருக்கும், அங்கே சேர்த்து வைத்த படங்களும் எண்களும் எட்டாது. பாம் பைலட் வைத்திருந்தவருக்கு இந்தப் பயம் இருந்ததில்லை.

சிம் கார்டே இல்லாமல் 2007-ல் வந்த ஐபாட் டச்சுக்கும் பிறகு அதே ஆப் ஸ்டோர்தான். பேச முடியாவிட்டாலும் அது ஸ்மார்ட்போன் குடும்பத்துப் பிள்ளையே.