பெட்டிக்குப் புதுவண்ணம்



இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் காலைப் பணிமுறைக்கு விரையும் மோட்டார் சைக்கிள்களைக் காணுங்கள். பலவற்றில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். சோற்றுப் பாத்திரம், மழைக்கோட்டு, மாற்றுடை யாவும் அதனுள் அடக்கம். 1955-ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவான காலந்தொட்டே இவ்வாகனம் நம் பகுதி உழைப்பாளரின் துணையாக விளங்குகிறது.

கறுப்பாக வாங்கிய பெட்டி சில ஆண்டுகளில் சாம்பல் பூத்து வெளுப்பது ஏன்? கடற்காற்றின் உப்பையே பலர் குறை கூறுவர். ஆனால் உப்பு துருவேற்றுவது கீலையும் ஆணியையுமே. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிதைப்பது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். சிதைவு மேலோட்டமானதாயின் வீட்டிலேயே வண்ணம் பூசிப் புதுப்பிக்கலாம்.

எனினும், முதலில் பெட்டியைக் கழற்றி, அது சட்டத்தோடு பொருந்தும் இடத்தையும் பூட்டையும் கூர்ந்து நோக்குங்கள். அங்கே விரிசலோ நொறுங்கலோ இருப்பின் வண்ணச் செலவு வீண். வண்ணம் விரிசலை மறைக்குமேயன்றி இணைக்காது. கன்டெய்னர் லாரிகள் ஓயாது செல்லும் துறைமுகச் சாலையில் பெட்டி கழன்று விழுந்தால், பின்னால் வருபவரின் உயிரன்றோ இடருக்குள்ளாகும்!

அடுத்து, பிளாஸ்டிக்கின் இனத்தை அறிய வேண்டும். பெட்டியின் உட்புறத்தில் 'பிபி' அல்லது 'ஏபிஎஸ்' என ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கலாம். இல்லையேல் உள்விளிம்பில் சிறு துணுக்கைச் சீவி நீரிலிடுங்கள். பெரும்பாலும் 'பிபி' எனும் பாலிபுரோப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் அமிழும். ஏபிஎஸ் வண்ணத்தை எளிதில் ஏற்கும். பாலிபுரோப்பிலீனோ, தாமரையிலை நீரை ஒதுக்குவதுபோல் வண்ணத்தை ஒதுக்கும். அதற்குரிய பிளாஸ்டிக் பிரைமரை முதலில் பூசாவிடில் வண்ணம் விரைவில் தோலாக உரிந்துவிடும்.

பெட்டியைச் சோப்பு நீரால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புப் படிவு தங்கினால் வண்ணம் கொப்பளிக்கும். 400-ஆம் எண், பின்னர் 600-ஆம் எண் வாட்டர் பேப்பரால் பளபளப்பு மறையும்வரை ஈரத்துடன் தேய்த்து, நன்கு உலர்த்துங்கள். பிரைமருக்குப்பின் வண்ணத்தை ஒரே தடிப்பாக அன்றி, மெல்லிய மூன்று பூச்சுகளாகத் தெளியுங்கள். டப்பாவில் குறித்துள்ள இடைவெளியைப் பொறுமையுடன் கடைப்பிடியுங்கள். இறுதியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் தெளிபூச்சு ஒன்று தேவை. ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களைத் தவிருங்கள். ஈரக்காற்றில் பூச்சு வெண்மை படரும்.

இப்பணிக்கு ஏற்ற இடம் மொட்டை மாடியே. தின்னரின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று அடுப்பில் தீப்பற்றக் கூடும். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். ஹார்டனர் கலக்கும் வண்ணங்களை வீட்டில் தெளிக்கவே வேண்டா. அவற்றின் நுண்துளிகள் நுரையீரலுக்குத் தீங்கானவை. சாதாரண துணி முகமூடி அவற்றைத் தடுக்காது.

மிச்சமான வண்ணத்தைத் தலைக்கவசத்திற்குப் பூசும் ஆசை எழலாம். அது கூடாது. வண்ணத்திலுள்ள கரைப்பான் கவசத்தின் ஓட்டை வலுவிழக்கச் செய்யலாம். அக்கேடு கண்ணுக்குத் தெரியாது. பெட்டி காப்பது சோற்றை. கவசம் காப்பதோ அச்சோற்றை ஈட்டி வருபவரை.