கல்லாவுக்கு எதிரே உள்ள பலகை

‘சோப்பு ஒன்று கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டு வருபவருக்கு நாம் எதை எடுத்துக் கொடுக்கிறோம்? கைக்கு எட்டுவதை. அவரும் பேசாமல் வாங்கிப் போகிறார். இது தெரிந்துதான் கம்பெனிப் பிரதிநிதி கல்லாவுக்கு எதிர்ப் பலகையைத் தன் சரக்குக்கு ஒதுக்கச் சொல்லி, மாதம் இவ்வளவு என்று பணமும் தருகிறார். வாங்காத வணிகர் குறைவு. நானும் வாங்கியவன்தான்.

கைபேசியிலும் அப்படியொரு பலகை உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியைப் பிரித்ததுமே முகப்பில் கூகுள் தேடல் பெட்டி நிற்கிறது. வேறு தேடுபொறியை வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் யார் மெனக்கெட்டு மாற்றுகிறார்கள்?

அந்த இடத்தின் வாடகை அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. தன் தேடலே முதலில் நிற்பதற்காக, 2021 ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர்! அது நல்ல சரக்குதான். நீதிபதி அமித் மேத்தாவும் அதை மறுக்கவில்லை. ஆனாலும் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். தானாக விற்கும் சரக்குக்கு எந்த வியாபாரி இவ்வளவு வாடகை தருவார்? 2025 செப்டம்பரில் அவரே, ‘என் சரக்கை மட்டும் வை’ என்ற ஒப்பந்தம் கூடாது, பணம் தருவதற்குத் தடையில்லை என்றார். பாதிக் கதவைத்தான் திறந்திருக்கிறார் என்பேன்.

நம் நாட்டில் முதலில் வழக்குக்குப் போனவர்களில் ஒருவர் சென்னைக்காரர். பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. தன் பெயரைத் தேடுவோருக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது என்ற குறையை ஆணையம் ஏற்கவில்லை. ஆனால் தேடல் பக்கத்தில் கூகுள் தன் சொந்தச் சேவைக்கு முன்னிடம் தந்தது தவறு என்று 2018இல் ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி. மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது. புதுக் கைபேசியில் தேடுபொறியை வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் கூகுள் அறிவிக்க நேர்ந்தது.

நமக்கென்ன என்று இருக்கலாமா? கடலூரிலோ பண்ருட்டியிலோ இருந்து ஒருவர் ‘நெல்லிக்குப்பம் மொத்த மளிகை’ என்று தேடுகிறார். எந்தக் கடை மேலே வரும், எது மூன்றாம் பக்கத்துக்குப் போகும் என்பதை ஒரே பலகைக்காரர் தீர்மானிக்கிறார். அங்கே நாம் கடைக்காரர் அல்ல, சோப்புக்கட்டி. என் கடையில் கேட்ட சரக்கு இல்லையென்றால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார். தேடலில் எதிர்க்கடை எங்கே?

நம்மில் கைபேசிக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேடுபொறி எது என்ற கேள்வி திரையில் வந்தால், கடைப் பையன் தட்டித் தள்ளிவிடாமல் வாங்குபவரிடம் கேட்கட்டும். நேரம் ஒரு நிமிடம் கூடப் பிடிக்காது.

சங்கத்துக்கும் ஒன்று. உறுப்பினர் கடைகளின் பெயர், சரக்கு, தொலைபேசி எண் அடங்கிய கையேடு ஒன்றை அச்சிட்டு, சுற்றுக் கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். அச்சுக் கூலியில் என் பங்கைத் தரத் தயார். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.