மாட்டுத் தோலுக்குள் மனிதன்!

கூட்டில் முட்டை இருக்கிறது. ஒருவர் அதை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். இன்னொருவர் அதைத் தொடாமல் படம் மட்டும் எடுத்துக்கொள்கிறார். இவர்களில் பறவையை உண்மையில் நேசிப்பவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்கள் இங்கிலாந்து நாட்டின் இரண்டு சகோதரர்கள். அண்ணன் ரிச்சர்டு கியர்ட்டன், 1862-ல் பிறந்தவர். தம்பி செர்ரி கியர்ட்டன், 1871-ல் பிறந்தவர். யார்க்ஷயர் பகுதியில் துவைட் என்ற சிற்றூர்தான் அவர்கள் ஊர். அண்ணனுக்குச் சிறு வயதிலேயே அடிபட்டுக் கால் ஊனம். ஆனாலும் பறவைகளைத் தேடி அலைவதை அவர் விடவில்லை.

அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றாலே துப்பாக்கிதான். சுட்டு வீழ்த்திப் பஞ்சு அடைத்து வைப்பார்கள். முட்டைகளைச் சேர்த்து வைப்பதும் பலருக்குப் பொழுதுபோக்கு.

1892-ல் தம்பி செர்ரி, 'திரஷ்' என்னும் பாடும் பறவையின் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார். முட்டை கூட்டிலேயே இருந்தது. படம் மட்டும் வீட்டுக்கு வந்தது! அண்ணன் எழுத, தம்பியின் படங்களோடு 1895-ல் பறவைக் கூடுகள் பற்றிய நூல் வெளிவந்தது.

பொய் மாடு

அன்றைய கேமரா கனமான பெட்டி. படம் பதிவது கண்ணாடித் தகட்டில். தூரத்தில் நின்று எடுக்க முடியாது; அருகில் போனால் பறவை பறந்துவிடும். என்ன செய்வது?

மாட்டைக் கண்டு பறவை அஞ்சுவதில்லை. ஆகவே சகோதரர்கள் ஒரு மாட்டுத் தோலை வாங்கி, உள்ளே சட்டம் வைத்துப் பொய் மாடு செய்தார்கள். அதன் வயிற்றுக்குள் கேமராவோடு புகுந்து, குனிந்தபடியே காத்திருந்தார்கள். பறவை அச்சமின்றித் தன் வேலையைப் பார்த்தது. உண்மையான படம் கிடைத்தது.

இன்று என்ன நடக்கிறது?

இன்று கையிலே செல்போன். மாட்டுத் தோல் தேவையில்லை. ஆனால், பொறுமையும் போய்விட்டது. நல்ல படம் வேண்டும் என்று கிளையை ஒடிக்கிறார்கள். கூட்டை மறைக்கும் இலையை விலக்குகிறார்கள்.

தாய்ப் பறவை பயந்து பறந்தால் முட்டை குளிர்ந்து போகும். வெயில் நேரமானால் வெந்து போகும். இலை விலகிய கூட்டைக் காக்கை எளிதில் கண்டுகொள்ளும். ஒரு படத்துக்கு ஒரு குடும்பமே பலியாகலாம்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையாடுதலுக்குச் சமமாக வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் போலீஸ்காரர் நிற்க முடியாது. பெற்றோர்தான் சொல்லித் தரவேண்டும்.

வீட்டு வாசலில் சிட்டு கூடு கட்டினால், குழந்தையை அழைத்துக் காட்டுங்கள். எட்ட நின்று, சத்தமில்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல படம் கிடைக்காமல் போனால் நஷ்டம் இல்லை. குஞ்சு பொரித்துப் பறந்தால், அதுவே போதும்!