வக்கீல் பீஸைக் கேட்க வெட்கம் எதற்கு?

கடன் தலைக்கு மேல் போய்விட்டால், "பேசாம ஐ.பி. கொடுத்துடு" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். மஞ்சள் நோட்டீஸ் விட்டால் கடன்காரர்கள் வாசலுக்கு வரமாட்டார்கள் என்று நம்பி, வீட்டு ஆண்களும் வக்கீலிடம் ஓடுகிறார்கள். மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைசியில் பீஸுக்காக அடகுக்குப் போவது நம் வளையல்தான்!

எங்கள் தெருவில் வியாபாரம் நொடித்துப் போன ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. முதலில் ஒரு தொகை. பிறகு வாய்தாவுக்கு வாய்தா பணம். டைப் அடிக்க, நோட்டீஸ் அனுப்ப, நகல் வாங்க என்று தனித்தனியாக வேறு. எதற்கும் ரசீது கிடையாது. அந்த அக்காவிடம் சொன்னால், "வக்கீல் கிட்ட போய் கணக்கு கேக்கறதா?" என்கிறார். பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்கும் நாம், இதில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

எல்லா வக்கீல்களும் அப்படி என்று சொல்லவில்லை. நியாயமானவர்கள், கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். மனு போடுவதோடு வேலை முடிவதில்லை. கோர்ட் திவால் என்று அறிவிக்க வேண்டும்; அதற்குப் பிறகு கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அதனால், சொல்கிற பீஸ் எதுவரைக்கும், ஸ்டாம்பு, நோட்டீஸ் செலவு அதில் சேர்ந்ததா, பாதியில் சமாதானமானால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "ஜெயித்தால் இவ்வளவு பங்கு" என்று பீஸ் பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

"வீட்டை மனைவி பேருக்கு மாத்திடுங்க" என்று யாராவது சொன்னால் உஷார்! மாற்றி இரண்டு வருஷத்துக்குள் திவால் மனு போட்டால், அந்தப் பத்திரத்தையே கோர்ட் ரத்து செய்யலாம். பதிவுச் செலவும் தண்டம்.

பயத்தில்தான் பலர் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். கணவர் கடனுக்கு நாம் கையெழுத்தோ ஜாமீனோ போடாவிட்டால், அது நம் கடன் ஆகாது. சீதன நகை பெண்ணுக்கே சொந்தம் என்று 1985ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சமையல் பாத்திரம், படுக்கை, உடுத்தும் துணி, தாலி இவற்றை ஜப்தி செய்ய முடியாது. பணம் கட்டவில்லை என்ற சிவில் வழக்கில் பெண்ணைக் கைது செய்யவும் சட்டத்தில் இடமில்லை.

நாமே கடன் வாங்கி, அல்லது ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. 1987ம் வருஷச் சட்டம் அது; 1995ல் அமலுக்கு வந்தது. ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். கோர்ட்டில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணையத்தில் கேட்கலாம். 15100 என்ற இலவச போன் நம்பரும் இருக்கிறது. லோக் அதாலத்தில் பேசி முடித்தால் கோர்ட் பீஸ் கட்ட வேண்டாம். ஏற்கெனவே கட்டியிருந்தால் திரும்பக் கிடைக்கும்.

இதையெல்லாம் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் ஆணையத்தார் வந்து சொன்னால் எத்தனை வளையல்கள் தப்பிக்கும்! அதுவரை, வக்கீல் ஆபீசுக்கு அவர் போகும்போது நாமும் கூடப் போய் உட்காருவோம். வீட்டுச் செலவைக் கணக்கெழுதும் கைக்கு, இந்தக் கணக்கும் தெரிந்திருக்கட்டுமே!

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.