திரையில் யாருடைய சரித்திரம்?

“சினிமாதானே! பொழுதுபோக்குக்குப் பார்க்கிறோம். அதில் போய்ச் சரித்திரத்தை ஆராய்வானேன்?” என்று கேட்பவர்கள் உண்டு. தோழர்களே, நம்மில் பலர் பழைய காலத்தை அறிந்தது புத்தகத்தால் அல்ல. கொட்டகையிலும் டெலிவிஷனிலும் பார்த்த படங்களால்தான். பார்த்தது நெஞ்சில் பதிந்துவிடுகிறது. பதிந்தது பொய்யானால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

1865இல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது. பருத்திக் காட்டில் சவுக்கடி பட்டு உழைத்த சுமார் 40 லட்சம் கறுப்பு அடிமைகள் விடுதலை பெற்றார்கள். அவர்கள் கேட்டது என்ன? நிலம், கூலி, பள்ளிக்கூடம், ஓட்டு. தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கொடுக்கும்படி படைத்தளபதி ஷெர்மன் 1865 ஜனவரியில் உத்தரவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்தார் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன்!

ஆயினும் ஓட்டுரிமை வந்தது. தென் கரோலினா சட்டசபையின் கீழ்ச்சபையில் நேற்றைய அடிமைகள் அமர்ந்தார்கள். கறுப்பு மக்களின் பிரதிநிதிகளே அங்கு பெரும்பான்மை. 1868இல் எழுதப்பட்ட அம்மாநில அரசியல் சட்டம், எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் என்றது.

பண்ணையார்கள் பொறுப்பார்களா? கூ கிளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கும்பல் இரவில் புறப்பட்டது. அடித்தது, கொன்றது, பள்ளிக்கூடங்களைக் கொளுத்தியது. 1877இல் மத்திய அரசு இம்மக்களைக் கைகழுவியது. படிப்படியாக ஓட்டும் பறிபோயிற்று. கறுப்பு உழவன் பண்ணையாரிடமே வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினான்.

இந்தக் காலத்தை 1915இல் டி. டபிள்யூ. கிரிபித் படமாக்கினார். ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்று பெயர். மூன்று மணி நேரம் ஓடும் பேசாத படம். அதில் காட்டியது என்ன? கறுப்பு அங்கத்தினர்கள் சட்டசபை மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக் குடிக்கிறார்கள். வெள்ளைப் பெண்ணை ஒரு கறுப்பன் துரத்துகிறான். முக்கியமான கறுப்பு வேஷங்களைக் கட்டியவர்களோ முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள்! கொலைகாரக் கிளான் குதிரையேறி வந்து நாட்டைக் காக்கும் வீரர் படையாகிவிட்டது. பள்ளிக்கூடம் எங்கே? 40 ஏக்கர் எங்கே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள்.

இது கிரிபித் ஒருவரின் கற்பனையா? இல்லை. பேராசிரியராயிருந்து பின்னர் ஜனாதிபதியான உட்ரோ வில்சன் எழுதிய சரித்திர நூலின் வாசகங்களே படத்தில் எழுத்தாக வந்தன. அவருடைய மாளிகையிலேயே படத்தைப் போட்டும் காட்டினார்கள். பண்டிதர் பொய்யைக் கொடுத்தார். சினிமா அந்தப் பொய்யைக் குதிரைமேல் ஏற்றியது.

அதே ஆண்டு நவம்பரில், அழிந்துபோயிருந்த கிளானுக்கு ஜார்ஜியாவில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஆள் சேர்க்க இந்தப் படமே உதவியது. படம் எந்த மாவட்டத்துக்கு எப்போது போயிற்று என்று ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர் டெஸ்மண்ட் ஆங் கணக்கெடுத்தார். 2023இல் வெளியான அவருடைய முடிவு இது: படம் வந்த அடுத்த மாதத்தில் அம்மாவட்டங்களில் கும்பல் கொலைகளும் இனக் கலவரங்களும் சராசரியாக ஐந்து மடங்காயின. பொழுதுபோக்குத்தானே என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

கறுப்பு மக்கள் சும்மா இருக்கவில்லை. பாஸ்டன் முதலிய நகரங்களில் படத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அறிஞர் டுபாய்ஸ் 1935இல் அக்காலத்தின் உண்மைச் சரித்திரத்தைப் பெரிய நூலாக எழுதினார். போரின்போது அடிமைகள் தோட்டங்களை விட்டுக் கூட்டங் கூட்டமாக வெளியேறியதைப் ‘பொது வேலைநிறுத்தம்’ என்றே அவர் அழைத்தார். எஜமானர்களின் தோல்விக்கு அதுவும் காரணம் என்று காட்டினார். அடிமை காப்பாற்றப்பட்டவன் மட்டுமல்ல. தன் விலங்கைத் தானே உடைத்தவன்!

1977 ஜனவரியில், ஓர் அடிமைக் குடும்பத்தின் கதையான ‘வேர்கள்’ எட்டு இரவுகள் அமெரிக்க டெலிவிஷனில் ஓடியது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். சவுக்கடி பட்டவன் அங்கே மனிதனாக, தகப்பனாக வந்தான். ஆனால் அதை எழுதிய அலெக்ஸ் ஹேலி சொன்ன வம்சாவளி, பத்திரங்களோடு பொருந்தவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். காட்டட்டும்! நமக்கு உகந்த கதை என்பதற்காகத் தராசைச் சாய்க்கக் கூடாது. ஆனால் வம்சாவளியில் பிழை விடுவது வேறு. கொலைகாரனுக்கு மாலை போடுவது வேறு.

ஆகவே, படம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள்; பார்த்தபின் கேளுங்கள். இந்தக் கதையில் உழுதவன் யார்? நெய்தவன் யார்? அவன் வாய் திறந்து பேசினானா? அவனை மூடனாகவோ மிருகமாகவோ காட்டினார்களா? அப்படிக் காட்டுவதால் யாருக்கு லாபம்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. உழைத்துச் சாப்பிடும் ஒவ்வொருவரும் கேட்கலாம், கேட்க வேண்டும்!