புதரைத் துளைக்கும் குண்டு என்று ஒன்று உண்டா?

அடர்ந்த புதருக்குள் நிற்கும் பெரிய மிருகத்துக்குக் கனமான, மெதுவாகப் போகும், மூக்கு மழுங்கிய குண்டுதான் சரி. சுள்ளியில் பட்டாலும் அது வழி மாறாது என்பார்கள். வேட்டைப் பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். வேடர் மகள் வள்ளியை முருகன் மணந்த தலம் என்பதால் திருத்தணிக்கு வேட்டைக் கதை அலுப்பதில்லை. ஆனால் இந்தக் குண்டுக் கதை நிற்காது.

சாட்சிக்கு முதலில் கென்னத் ஆண்டர்சனை இழுப்பார்கள். 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு சேரும்வரை திருத்தணி இருந்த அதே சித்தூர் மாவட்டத்தின் சாமலா பள்ளத்தாக்கில் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்தவர் அவர். கையில் .405 வின்செஸ்டர்: குண்டு ஏறத்தாழ 19 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 670 மீட்டர். சரி. ஆனால் அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது பரண், கட்டிவைத்த இரை, மிக அருகில் வந்துவிட்ட விலங்கு. கிட்டத்தில் சுட்டதன் பலனைக் குண்டின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? ஜிம் கார்பெட் பல ஆண்டுகள் சுமந்த .275 ரிக்பியின் குண்டு 9 கிராம்தான். அவர் வேட்டையாடிய குமாவுன் ஒன்றும் பொட்டல் வெளி அல்ல.

கனம் விலகாது என்பதில் அரை உண்மைதான் இருக்கிறது. எடையும் நீளமும் கூடிய குண்டு சற்றுக் குறைவாக விலகும், விலகாமல் இராது. குழலின் புரிகள் கொடுத்த சுழற்சியில்தான் குண்டு நேராகப் பறக்கிறது. சுள்ளி அதை ஓரமாக இடித்ததும் முனை தள்ளாடும், பாதை கோணும். ஒரு பாகை விலகினாலே போதும். சுள்ளிக்கு 2 மீட்டர் பின்னால் மிருகம் நின்றால் பிழை 3.5 சென்டிமீட்டர், 30 மீட்டர் பின்னால் நின்றால் அரை மீட்டருக்கும் மேல். நெஞ்சுக்குக் குறி வைத்தது குடலில் பாயும். ஆக, பார்க்க வேண்டியது சுள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

வேகமான குண்டு சிதறிவிடும் என்கிறார்கள். மெல்லிய உறை போட்ட சிறு குண்டு சிதறலாம்தான். அது உறையின் குறை; தடித்த உறை போட்டது வேகமாகப் போயும் தாங்கும். மழுங்கிய மூக்குக்கோ, சுட்டுப் பார்த்த சோதனைகளில் நம்பத்தக்க ஆதாயம் தென்பட்டதில்லை.

12 போர் துப்பாக்கியில் ரவை போட்டால் ஏதாவது ஒன்று நுழையும் என்போரும் உண்டு. நுழையும், கொல்லாமல் காயப்படுத்தும். காயம்பட்ட பன்றியைத் தேடி முள்ளுக்குள் போவது யார்?

இது பழங்கதையும் அல்ல. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. சீமைக்கருவேலத்துக்குள் பன்றி பாதி தெரிகிறதென்றால் விசையைத் தொடக்கூடாது. அது வெளியே வரட்டும். புதருக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவரும் இருக்கலாம். பயிரை இழந்த விவசாயிகள் வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். எந்தக் குண்டானாலும் நீங்களே சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.