இலைக்கு லைசென்ஸ், பூவுக்கு ஜெயில்

காசிக்கு மாற்றலாகி மூணு வருஷம் ஆச்சு. ஆபீஸ் போற வழியில ஒரு சர்க்காரி பாங்கு கடை (நம்ம பேங்க் இல்லீங்க, பால்ல அரைச்சுக் குடிக்கிற பாங்கு). அரசாங்க லைசென்ஸோட ஜோரா வியாபாரம். சரக்கு என்ன? கஞ்சாச் செடியோட இலை. அதே செடியோட பூ பாக்கெட்ல இருந்தா போலீஸ். 1985-ம் வருஷ போதைப்பொருள் சட்டத்துல பூ, காய் உள்ள நுனிதான் கஞ்சா. தனி இலை கணக்குல வராது!

போன வருஷம் தமிழ்க்காரர் ஒருத்தர் பர்சனல் லோன் கேட்டு வந்தார். வீட்டு ரிப்பேர்னார். அப்புறம் குரல் உடைஞ்சு போச்சு. காலேஜ் படிக்கிற பையன்கிட்ட சின்னப் பொட்டலம் ஒண்ணு பிடிபட்டிருக்கு, பணம் வக்கீலுக்கு. "ஊருக்குத் தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுடும் சார்"னார். (விவரமெல்லாம் மாத்தியிருக்கேன்.)

ஒரு கிலோ வரைக்கும் 'சிறிய அளவு'தான். அதுக்கே ஒரு வருஷம் வரை கடுங்காவல், இல்ல 10,000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். அதே சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. சிறிய அளவோட பிடிபட்ட அடிமை, தானா முன்வந்து அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில வைத்தியம் எடுத்தா வழக்குலேர்ந்து விலக்கு. அந்த அப்பாவுக்கு இதை யாருமே சொல்லல. எப்பவாவது பிடிக்கிறவனுக்கு அதுவும் கிடையாது. அவன் முத்திப்போய் அடிமையானாதான் கதவு திறக்கும். என்ன சட்டமோ!

அப்ப அவுத்து விடச் சொல்றியான்னு பாயாதீங்க. இள வயசுல தினமும் பிடிச்சா ஞாபகசக்தி, படிப்பு எல்லாம் அடிவாங்கும், சிலருக்கு மனநோயே வருது. அதனாலதான் சொல்றேன், பையன் டாக்டர்கிட்ட வரணும். ஜெயிலை நினைச்சு நடுங்குறவன் எப்படி வருவான்? இருபது வருஷமா கடன் வசூல் பார்க்கிறேன். மிரட்டினா ஆள் போனை எடுக்கமாட்டான். உட்கார வச்சுப் பேசினா பாதியாவது வரும்.

2019-ல வெளிவந்த எய்ம்ஸ் கணக்கெடுப்புல கஞ்சா, பாங்கு வகையறாவால உதவி தேவைப்படுறவங்க மட்டும் சுமார் 72 லட்சம். இத்தனை பேரை எந்த ஜெயில்ல வைப்பீங்க? விக்கிறவனைப் பிடிங்க, வேணாங்கல. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிறவனுக்கு ஜெயில் எதுக்கு? 1894-லயே வெள்ளைக்காரன் போட்ட கமிஷன், முழுத் தடை வேண்டாம்னு எழுதி வச்சுட்டுப் போச்சு.

நம்மாளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. சர்க்கரை வியாதின்னா கல்யாண வீட்ல உட்கார்ந்து பேசுவோம், இதுன்னா ஜன்னலைச் சாத்திடுவோம்.

அவர்கிட்ட 14446-ன்னு எழுதிக் கொடுத்தேன், போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண். மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். லோன் தவணை ஒழுங்கா வருது. பையன் எப்படி இருக்கான்னு கேட்கத்தான் எனக்கு இன்னும் வாய் வரல.